கோபித்துக்கொண்ட சுனைகள்

அயர்லாந்தின் புனிதச் சுனைகளுக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் இருந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விடும். நேற்றுவரை ஒரு வயலின் மூலையில் ஊறிக்கொண்டிருந்த நீர், விடிந்து பார்த்தால் வேலிக்கு அந்தப் பக்கம் ஊறும். இல்லையென்றால் மலைச்சரிவில் இன்னும் மேலே போய் ஊறும். ஏன் போனது என்று கேட்டால், ஊருக்கு ஊர் கிடைக்கும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு பெண் அதில் துணி துவைத்துவிட்டாள். சில ஊர்களில் அவள் உருளைக்கிழங்கு கழுவினாள். வேறு சில ஊர்களில் குற்றவாளி ஒரு நிலக்கிழார். சுனையை மூடப் பார்த்து அழிந்துபோனவர். ஆனால் நிலக்கிழாருக்குக் கதையில் பெரும்பாலும் ஒரு பெயர் இருக்கும். துணி துவைத்தவளுக்கு இருக்காது. 'ஒரு பெண்', அவ்வளவுதான்.

இந்தக் கதைகளை நான் முதலில் படித்தது பள்ளிப் பிள்ளைகளின் கையெழுத்தில். 1935இல் அமைக்கப்பட்ட ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம், 1937 முதல் 1939 வரை ஒரு பெரிய வேலையைச் செய்தது. சுதந்திர நாடாகிவிட்ட 26 மாவட்டங்களிலும் ஏறக்குறைய 5,000 தொடக்கப்பள்ளிகளின் மேல்வகுப்புப் பிள்ளைகளிடம், வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதிவரச் சொன்னது. தலைப்புகள் கொடுத்தார்கள்: நம்மூர்ப் புனிதர், புனிதச் சுனை, பேய், மருந்து, பஞ்சம், பால் கடைதல். பதினொன்று முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள். அவர்கள் எழுதியது சுமார் 7,40,000 பக்கம். இன்று அவை இணையத்தில் கிடக்கின்றன. விடைத்தாள் திருத்தி முடித்த இரவுகளில் நான் அவற்றைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கோடு போட்ட தாள், சாய்ந்த எழுத்து, ஓரத்தில் ஆசிரியரின் திருத்தம். கட்டுரையின் அடியில் கதை சொன்னவரின் பெயரும் வயதும் இருக்கும். பாட்டிமார் நிறைய. எனக்கு இது முக்கியமாகப் பட்டது. ஏனென்றால் ஆணையம் முழுநேரச் சம்பளம் கொடுத்து ஊர் ஊராக அனுப்பிய சேகரிப்பாளர்கள் எல்லாரும் ஆண்கள். அவர்கள் தேடிப்போனதும் கணப்படுப்பின் அருகே உட்கார்ந்து மணிக்கணக்கில் வீரகதை சொல்லும் கிழவர்களையே அதிகம். பாட்டிகளிடம் யாரும் கருவி தூக்கிக்கொண்டு போகாத நேரத்தில் பேரப்பிள்ளைகள் நோட்டோடு போய் உட்கார்ந்தார்கள்.

ஒரு சொல் விளக்கம் சொல்லிவிட வேண்டும். முதல் வரைவில் நானும் 'புனிதக் கிணறு' என்றுதான் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். கிணறு என்றால் நமக்குக் கயிறும் உருளையும் ஆழமும் நினைவுக்கு வரும். அங்கே அது எதுவும் இல்லை. ஐரிஷ் மொழியில் 'டொபர்' என்பது பெரும்பாலும் தரையில் கசியும் ஊற்று. நாலு கல் அடுக்கியிருப்பார்கள், மண்டியிட்டுக் கையால் அள்ளிவிடலாம். சுனை என்பதே பொருத்தம். நாடு முழுவதும் அப்படி மூவாயிரம் அளவில் இருப்பதாகக் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு புனிதர். அவர்களில் பெரும்பாலோரை ரோம் முறைப்படி புனிதராக அறிவிக்கவே இல்லை. அடுத்த ஊரில் விசாரித்தால் தெரியாது. ஒரு சுனை, ஒரு கல், ஒரு நாள், ஒரு கதை: அவ்வளவே அவர்களுடைய ஆட்சி.

வழிபாட்டு முறையும் எளியது. புனிதரின் நாளில் போவார்கள். கையில் கூழாங்கல் எடுத்துக்கொண்டு, சூரியன் போகும் திசையில் சுனையைச் சுற்றுவார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கல்லைப் போடுவார்கள், எண்ணிக்கை தப்பக்கூடாது. நீரைக் குடிப்பார்கள், நோயுள்ள இடத்தில் தடவுவார்கள், உடுத்திய துணியில் ஒரு கிழிசலைப் பக்கத்து மரத்தில் கட்டுவார்கள். துணி மக்க மக்க நோய் போகும். அந்த நீர் கொதிக்காது என்பார்கள். உள்ளே ஒரு மீன் இருக்கிறது, அதைக் கண்டவருக்குக் குணமாகும் என்பார்கள். கண்ணுக்கு ஒரு சுனை, பல்லுக்கு ஒன்று, மருவுக்கு ஒன்று, தலைவலிக்கு ஒன்று. இதற்கெல்லாம் பாதிரியார் தேவையில்லை. நான் இங்கே நிறுத்திப் பார்க்க விரும்புவது இதைத்தான். பூசை செய்ய, பாவம் கேட்க, புதைக்க, பெயர் வைக்க என எல்லாவற்றுக்கும் ஓர் ஆண் வேண்டியிருந்த சமயத்தில், தன் உடம்பைத் தானே கொண்டுபோய் நிறுத்தி, தானே எண்ணி, தானே முடித்துக்கொண்டு வரக்கூடிய இடமாகச் சுனை இருந்தது.

அப்படியானால் துணி துவைத்தவள் யார்? அவளும் அதே சுனைக்கு வேறு வேலையாக வந்தவள். ஐரிஷ் கிராமங்களில் நீர் சுமந்தது பெண்களும் பிள்ளைகளும். குழாய் வந்தது மிகவும் பிந்தி. 1960களின் தொடக்கத்தில் நாட்டுப்புற வீடுகளுக்குக் குழாய்நீர் வேண்டும் என்று ஐரிஷ் நாட்டுப்புறப் பெண்கள் சங்கம் ஊர் ஊராகப் பிரசாரம் செய்தபோது, வரி கூடிவிடும் என்று எதிர்த்து நின்றவை விவசாயிகளின் அமைப்புகள். அதாவது நீர் சுமக்காதவர்களின் அமைப்புகள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு கோபித்துக்கொண்ட சுனைக் கதைகளை என்னால் பழையபடி படிக்க முடியவில்லை. எட்டிப் போய்விட்ட சுனைக்கு மறுநாள் குடத்தோடு நடந்தவள் யார் என்று எந்தக் கதையும் சொல்வதில்லை.

பெண் சுனையருகே போய்த் தண்டனை பெறுவது புதிய கதையும் அல்ல. ஊர்ப்பெயர்களின் வரலாற்றைச் சொல்லும் 'தின்ஷென்ஹஸ்' என்றொரு வகை இலக்கியம் பழைய ஐரிஷில் உண்டு. நாட்டின் இரண்டு பெரிய ஆறுகளும் அதில் இரண்டு பெண்களின் சாவிலிருந்துதான் பிறக்கின்றன. போவாண்ட் என்பவள் நெஹ்டன் என்பவனின் மனைவி. அவனுடைய சுனையை அவனும் அவனுக்குப் பானம் பரிமாறும் மூன்று பேரும் தவிர வேறு யாரும் நெருங்கக்கூடாது. அவள் போனாள். போனதோடு நிற்காமல் இடப்பக்கமாக மூன்று முறை சுற்றினாள். சுனை பொங்கி எழுந்து அவளுடைய தொடை, கை, கண் மூன்றையும் சிதைத்தது. ஓடினாள், நீர் துரத்தியது, கடல்வரை ஓடி அங்கே மாய்ந்தாள். அவள் ஓடிய தடம்தான் பாயின் ஆறு. இன்னொருத்தி ஷினன். அவளுக்கு எல்லாம் இருந்தது, ஞானம் ஒன்றைத் தவிர. ஞானம் ஊறும் சுனையைத் தேடிப் போனாள், மூழ்கினாள். அவள் பெயரால் ஷானன் ஆறு.

ஆற்றுக்குப் பெண்பெயர் வைத்திருக்கிறார்களே என்று மகிழ்ந்து எழுதிய சுற்றுலாக் கையேடுகளைப் பார்த்திருக்கிறேன். எனக்கு நினைவு வந்தது வேறு. என் முனைவர் பட்ட ஆய்வின்போது ஒரு மூத்த பேராசிரியர் என் இயலொன்றைப் படித்துவிட்டு, "போதும்மா, இதுக்கு மேல ஆழமாப் போவாதீங்க" என்றார். அக்கறையோடுதான் சொன்னார். அவர் பயந்தது எனக்காகவா, சுனைக்காகவா என்று இன்றுவரை தெரியவில்லை.

பாயின் ஆறு தொடங்கும் இடம் கில்டேர் மாவட்டத்தில் கார்பரி என்னும் ஊருக்கருகே இன்றும் இருக்கிறது. அதற்கு இப்போது திரித்துவச் சுனை என்று பெயர். தந்தை, மகன், தூய ஆவி. போவாண்டின் பெயர் ஊற்றுக்கண்ணில் இல்லை, ஓட்டத்தில் இருக்கிறது.

கார்க் மாவட்டத்தில் கல்லன் என்றொரு சிற்றூர். அங்குள்ள புனிதை லாட்டீரன். மூன்று சகோதரிகளில் ஒருத்தி என்பது ஊர்வழக்கு. அவள் நாள்தோறும் கொல்லன் பட்டறைக்குப் போய் அடுப்புக்குக் கங்கு வாங்கி, முன்றானையில் ஏந்தி வருவாள். அங்கே முன்றானை என்றால் இடுப்பில் கட்டும் முன்துணி. துணி கருகாது, அவள் தூய்மை அப்படி. ஒருநாள் கொல்லன், "உன் பாதம் எவ்வளவு அழகு" என்றான். அவள் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தாள். அந்தக் கணம் துணி பற்றிக்கொண்டது. கல்லனில் இனி எந்தக் கொல்லனும் பிழைக்கக்கூடாது என்று சபித்துவிட்டு அவள் பூமிக்குள் இறங்கிவிட்டாள். இறங்கிய இடத்தில் இதய வடிவில் ஒரு கல். அதைக் கடக்கும் பெண்கள் முழங்காலை மடித்து வணங்கிப் போவது வழக்கமாக இருந்தது. பக்கத்தில் அவள் சுனை. ஜூலை 25ஐ ஒட்டிய ஞாயிறு அவள் ஞாயிறு. மொய்ரா மக்நீல் 1962இல் வெளியிட்ட அறுவடைத் திருவிழா பற்றிய பெருநூலில், லாட்டீரனை இந்தப் பருவத் திருவிழாக்களோடு சேர்த்து ஆராய்ந்திருக்கிறார்.

நான் இந்தக் கதையை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இளங்கலை மாணவிகள். முடித்ததும் ஒருத்தி கேட்டாள்: "அவன்தானே மேடம் பேசினான், அவ துணி ஏன் எரியணும்?" வகுப்பு சிரித்தது. நான் பதில் சொல்லவில்லை. பதில் தெரியாமல் அல்ல. கேள்வியை அப்படியே விட்டுவைக்கலாம் என்று தோன்றியது. ஆனால் கதையின் மறுபாதியையும் கவனிக்க வேண்டும். எரிந்தது அவள் துணி, சாபம் விழுந்தது அவன் தொழில்மீது. கதை சொன்னவர்கள் இருவரையும் விட்டுவைக்கவில்லை. ஒரு சாதாரணப் பாராட்டு ஒரு பெண்ணைத் தன் உடம்பைக் குனிந்து பார்க்கவைக்கும், அதற்குப் பிறகு எதுவும் முன்போல் இருக்காது என்பதைத் தெரிந்த யாரோதான் இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். அது ஒரு பாட்டியாக இருக்கலாம் என்பது என் விருப்பம், சான்று இல்லை.

அதே மாவட்டத்தின் பாலிவூர்னியில் கோப்னட் இருக்கிறாள். தேனீக்களின் புனிதை. மாடு திருட வந்தவர்கள்மீது தேனீக்களை ஏவி ஓட்டியவள். ஒன்பது வெள்ளை மான்களைக் காணும் இடத்தில் தங்கு என்று வானதூதர் சொன்னதால் நடந்துகொண்டே வந்தவள். பிப்ரவரி 11 அவள் நாள். அன்று இடைக்காலத்து மரச்சிலை ஒன்றை வெளியே எடுத்துவைப்பார்கள். பெண்கள் ரிப்பன் கொண்டுவந்து அந்தச் சிலையின் நீளத்தை ஒருமுறை, சுற்றளவை ஒருமுறை அளந்து எடுத்துப்போவார்கள். 'கோப்னட்டின் அளவு' என்று அதற்குப் பெயர். வீட்டில் யாருக்கேனும் உடம்பு சரியில்லையென்றால் அந்த ரிப்பனைச் சுற்றிக் கட்டுவார்கள். சுனை நீரும் உண்டு, சுற்றுகளும் உண்டு. பாழடைந்த பழைய கோவிலின் ஒரு சன்னலுக்கு மேலே, கால்விரித்துத் தன் யோனியைக் காட்டும் 'ஷீலா நா கிக்' வகைப் பெண்ணுருவம் ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது. சுற்று வருகிறவர்கள் அதையும் தொட்டுத்தான் போகிறார்கள். கோவில் கட்டியவர்கள் எச்சரிக்கைக்காக வைத்தார்களா, காவலுக்கு வைத்தார்களா என்று அறிஞர்கள் இன்னும் சண்டைபோட்டுக்கொண்டிருக்கிறார்கள். தொடுகிறவர்கள் அந்தச் சண்டையின் முடிவுக்காகக் காத்திருக்கவில்லை.

இனி பிரிஜிட். இவள் உள்ளூர்ப் புனிதை அல்ல. பேட்ரிக்குக்கு அடுத்தபடி நாட்டுக்கே புனிதை. ஆனால் ஒவ்வொரு ஊரும் தன் பிரிஜிட்டை வைத்திருக்கிறது, எனவே உள்ளூர்க்காரியும்தான். சுமார் 900ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட கோர்மாக்கின் சொற்கோவையில் பிரிஜிட் என்றொரு பெண்தெய்வம் வருகிறாள்: கவிஞர்கள் வணங்கியவள். அவளுக்கு அதே பெயரில் இரு சகோதரிகள், ஒருத்தி மருத்துவத்துக்கு, ஒருத்தி கொல்லு வேலைக்கு. கவிதை எழுதுகிறவள் என்பதால் நான் இவளிடம் வந்து சேர்ந்த வழி இதுதான். ஆனால் அந்தச் சொற்கோவை தருவது நாலைந்து வரி. அதை வைத்துக்கொண்டு, துறவி பிரிஜிட் வெறும் வேடம், உள்ளே இருப்பது தாய்த்தெய்வம், அவள் காலத்தில் பெண்களே ஆண்டார்கள் என்று கட்டிய மாளிகைகள் ஏராளம். எனக்கு அவற்றில் குடியேற மனம் வரவில்லை. நம் துறையிலும் இப்படி மாளிகை கட்டிக் கொடுத்தவர்கள் உண்டு. மழை வந்தால் ஒழுகும். தெய்வமாக இருந்தாளா என்பதைவிட, துறவியாக அவளைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதே எனக்கு வியப்பு.

வரலாறுகளின்படி பிரிஜிட் ஓர் அடிமைப் பெண்ணின் மகள். தந்தை எசமானன். அப்பாவின் வாளைத் தொழுநோயாளிக்குத் தூக்கிக் கொடுத்தவள். ஆயர் மெல் அவளுக்குத் துறவு முக்காடு அணிவிக்கும்போது, தெய்வ அருளின் போதையில் தவறிப்போய் ஆயரைத் திருநிலைப்படுத்தும் மந்திரத்தைப் படித்துவிட்டார். இந்தத் தவறை எழுதிவைத்தவர்கள் ஆண் துறவிகள். அதைத் திருத்தாமல் விட்டதும் அவர்களே.

ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த பழைய ஐரிஷ் வரலாற்றில் வருகிற ஒரு நிகழ்ச்சி. சகோதரர்கள் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்கிறார்கள். அவளால் வரவேண்டிய பரிசப்பணம் போய்விடுமே என்பது கவலை. அவர்களில் ஒருவன், உன் அழகான கண்ணை நீ விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஒருவனுக்குக் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்கிறான். அவள் உடனே விரலை நுழைத்துத் தன் கண்ணைக் குத்திக்கொள்கிறாள்: இந்தா அந்த அழகான கண், குருட்டுப்பெண்ணை இனி யார் கேட்பார்கள் என்று. புண்ணைக் கழுவ அருகில் நீர் இல்லை. அவள் தன் கோலைத் தரையில் ஊன்றச் சொல்கிறாள். மண்ணிலிருந்து நீர் பீறிடுகிறது. அந்த அண்ணனுக்குச் சாபமும் கிடைக்கிறது, அவன் கண்கள் வெடிக்கும் என்று.

போவாண்டின் கதையில் சுனை ஒரு பெண்ணின் கண்ணைப் பறித்தது. இதில் ஒரு பெண்ணின் கண்ணைக் கழுவச் சுனை பிறக்கிறது. பிரிஜிட்டின் சுனைகள் பலவற்றில் கண்நோய்க்குக் குணம் தேடி மக்கள் வந்ததைப் படிக்கும்போதெல்லாம், அந்த நீர் ஒரு 'மாட்டேன்' என்ற சொல்லில் ஊறியது என்பதை வந்தவர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள் என்று யோசிப்பேன்.

இவற்றையெல்லாம்விடப் பழையது, ஏழாம் நூற்றாண்டில் கோகிடோசஸ் என்ற துறவி லத்தீனில் எழுதிய பிரிஜிட் வரலாறு. அவர் பட்டியலிடும் அற்புதங்களில் ஒன்று இது. கன்னிமை காப்பதாக உறுதியேற்ற ஒரு பெண், இளமையின் ஆசையில் தவறிக் கருவுறுகிறாள். பிரிஜிட் அவளை ஆசீர்வதிக்கிறாள். கரு மறைந்துபோகிறது. பேறு இல்லை, வலி இல்லை. பெண் நலமடைந்து தவநிலைக்குத் திரும்புகிறாள். அவ்வளவுதான். கோகிடோசஸுக்கு இதில் கூச்சமும் இல்லை, தர்க்கமும் இல்லை. அடுத்த அற்புதத்துக்குப் போய்விடுகிறார். பிரிஜிட் மட்டும் அல்ல. சைகிர் ஊரின் கீரன், ஏட் மக் பிரிக், கெனிக் ஆகிய ஆண் புனிதர்களின் வரலாறுகளிலும் இதே அற்புதம் உண்டு. மேவ் காலன் என்ற ஆய்வாளர் 2012இல் இவற்றை ஒன்றுசேர்த்து விரிவாக எழுதினார்.

இதைக் கருக்கலைப்பு உரிமைக்கான பழஞ்சான்று என்று கொடியில் எழுதிப் பிடிக்கலாம், பிடித்தும் இருக்கிறார்கள். நான் அவ்வளவு வேகமாகப் போகமாட்டேன். கோகிடோசஸின் அக்கறை கில்டேர் மடத்தின் பெருமை. அந்தப் பெண்ணை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் கதையில் பேசுவதே இல்லை. ஆனாலும் ஒன்று மிஞ்சுகிறது. பெண்ணைக் கருவுறவைத்த சிக்கலிலிருந்து அவளை உயிரோடும் மானத்தோடும் வெளியே கொண்டுவருவது ஒரு புனிதையின் வேலை என்று ஏழாம் நூற்றாண்டுக் கத்தோலிக்கத் துறவி ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது.

பிந்தைய நூற்றாண்டுகளில் சுனைகளுக்குக் கெட்ட காலம். 1660இல் டுவாம் நகரில் கூடிய கத்தோலிக்க ஆயர் மன்றம் சுனைகளில் ஆட்டம், குழல், கூத்து கூடாது என்றது. 1704இல் பிராட்டஸ்டண்ட் அரசின் சட்டம் சுனையில் கூடுவதையே கலகம் என்றது. அபராதம் பத்து ஷில்லிங், கட்டாவிட்டால் கசையடி. எதிரெதிர்ச் சமயங்களின் ஆண்கள் ஒருமித்த மிகச் சில விஷயங்களில் இது ஒன்று. சட்டம் அசைக்க முடியாததைப் பஞ்சமும் அதற்குப் பின்வந்த ஒழுங்கும் அசைத்தன. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுனைகளைச் சுற்றி வாழ்ந்த ஏழைகளே அதிகம் செத்தார்கள், கப்பலேறினார்கள். மிஞ்சியவர்களைத் திருச்சபை வயல்வெளியிலிருந்து கோவிலுக்குள் அழைத்து வரிசையில் உட்காரவைத்தது. தேன்கூட்டுப் புனிதையும் கங்கேந்திய புனிதையும் ஓரத்துக்குப் போனார்கள். நடுவில் மாதா வந்தாள்: நீலமும் வெள்ளையும், கறையில்லாதவள், ஊர்க்கதை எதுவும் இல்லாதவள். 1954ஐ மாதா ஆண்டாகக் கொண்டாடியபோது ஊருக்கு ஊர் கெபி கட்டினார்கள்.

லாங்ஃபர்ட் மாவட்டத்துக் கிரானார்டிலும் ஒரு மாதா கெபி இருக்கிறது. 1984 ஜனவரி 31 அன்று பிற்பகல், பள்ளி மாணவி ஆன் லவெட் அங்கே தனியாகப் பிள்ளை பெற்றாள். வயது 15. மழை. கையில் ஒரு கத்தரிக்கோல் கொண்டுபோயிருந்தாள். குழந்தை இறந்துபிறந்தது; அவளும் அன்றே இறந்தாள். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள்தான் அவளைக் கண்டார்கள். கருவுக்கும் தாய்க்கும் சமமான உயிருரிமை என்று அரசியலமைப்பில் எட்டாவது திருத்தம் எழுதப்பட்டு அப்போது ஐந்து மாதம் ஆகியிருக்கவில்லை.

ஜனவரி 31 என்பது பிரிஜிட்டின் முன்னிரவு. மறுநாள் பிப்ரவரி 1 அவளுடைய நாள். பிரிஜிட் பேறுகாலத்துக்கும் மருத்துவச்சிகளுக்கும் புனிதை. அன்றிரவு அவள் வீடு வீடாக வருவாள் என்று வெளியே ஒரு துணியைப் போட்டுவைப்பார்கள். அவள் கடந்துபோகும்போது துணியில் அருள் படும். பிறகு பேறுகாலத்தில் தாய்மீது அதைப் போர்த்துவார்கள். இந்த இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்து எழுத எனக்குச் சில நாள் பிடித்தது.

அந்த மாதம் வானொலியில் கே பேர்ன் நடத்திய நிகழ்ச்சிக்குப் பெண்கள் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். தாங்களும் இப்படித்தான் கழிவறையில், வயலில், வைக்கோலில் பெற்றோம் என்று. சில கடிதங்கள் ஐம்பதாண்டு அடைகாத்தவை. பெயரில்லாத கடிதங்கள் பல. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஒலிபரப்பினார்கள். 1937இல் பேரப்பிள்ளைகளிடம் சுனைக் கதை சொன்ன பாட்டிகள், நோட்டில் எழுதச் சொல்லாத கதைகள் இவையாக இருந்திருக்கும். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளைக் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கத் திருச்சபை விடவில்லை. பாழ்க்கோவில், பழைய மண்கோட்டை, வேலியோரம், சில ஊர்களில் சுனையருகே என்று 'கில்லீன்' என்னும் தனி இடங்களில் புதைத்தார்கள். பெரும்பாலும் இரவில், அப்பாவோ மாமாவோ எடுத்துப்போவார்கள். அம்மா போகமாட்டாள், எந்த இடம் என்று பலருக்குச் சொல்லவும் இல்லை. அந்தக் குழந்தைகளுக்கும் மீட்பு உண்டு என்று நம்ப இடமிருக்கிறதாக வத்திக்கானின் இறையியல் குழு அறிக்கை சொன்னது 2007இல்.

2012 அக்டோபர் 28 அன்று கால்வே நகரில் சவிதா ஹலப்பனவர் இறந்தார். கர்நாடகத்துப் பெண், பல்மருத்துவர், வயது 31. பதினேழு வாரக் கரு கலைந்துகொண்டிருந்தது. பிழைக்காது என்று தெரிந்தும், இதயத்துடிப்பு இருக்கும்வரை அகற்ற முடியாது என்றார்கள். நஞ்சேறிச் செத்தார். இது கத்தோலிக்க நாடு என்று அவரிடம் சொன்னதை மரண விசாரணையில் மருத்துவச்சி ஒருவர் ஒப்புக்கொண்டார். 2018 மே 25 வாக்கெடுப்பில் 66.4 சதவீதம் பேர் எட்டாவது திருத்தத்தை நீக்கச் சொன்னார்கள். 2023 முதல் பிரிஜிட்டின் நாளுக்குப் பொது விடுமுறை; பெண் ஒருத்தியின் பெயரில் அந்நாட்டில் முதல் விடுமுறை.

நான் ஒரே ஒருமுறை அயர்லாந்து போயிருக்கிறேன். 2019இல், ஒரு கருத்தரங்கின் மிச்ச நாளில், கிளேர் மாவட்டத்தில் லிஸ்கேனர் அருகே உள்ள பிரிஜிட்டின் சுனைக்கு. கடல் பக்கத்தில் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் பிரிஜிட்டின் சிலை. அதைத் தாண்டினால் வெள்ளையடித்த குறுகலான கல்வழி, அதன் முடிவில் நீர். வழியின் இரு சுவரிலும் இடமில்லாமல் பொருள்கள்: செபமாலை, இறந்தவர் படங்கள், மெழுகுவத்தி, பொம்மை, ஈரத்தில் உப்பிப்போன கடிதங்கள். மடித்து வைத்தவற்றை நான் பிரிக்கவில்லை. பிரித்தே வைத்திருந்த ஒரு தாளில் பென்சிலில் ஒரு பெண்பெயரும் ஒரு தேதியும் மட்டும் இருந்தன. மேலே எங்கோ சொட்டிக்கொண்டே இருந்தது.

வெளியே வந்து சிலையை மெதுவாகச் சுற்றினேன். பிளாஸ்டிக் பாட்டிலில் நீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சுற்றி முடித்ததும் அருகில் வந்து, சரியான பக்கமாகச் சுற்றினாயே, யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, எங்கள் ஊர்க் கோவில்களிலும் இப்படித்தான் என்றேன். அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. என் கையைப் பிடித்து, பாட்டிலில் இருந்து கொஞ்சம் நீர் என் உள்ளங்கையில் ஊற்றினார். கண்ணில் தொட்டுக்கொள் என்றார். தொட்டுக்கொண்டேன். பாராட்டு வாங்கிய பள்ளிப் பிள்ளையின் சந்தோஷத்தோடு கால்வே பேருந்தில் ஏறி உட்கார்ந்தேன். நாலைந்து நிறுத்தம் போன பிறகுதான் போவாண்ட் நினைவுக்கு வந்தாள்.